இடையூறு என்ற கட்டத்தில் அவள்

புலிக் கணக்கெடுப்புக்காகக் காட்டுக்குள் நடக்கும் வனக்காப்பாளர் நிரப்ப வேண்டிய படிவங்களில் ஒரு பகுதிக்கு ‘மனித இடையூறு’ என்று பெயர். முன்பு அது அச்சிட்ட தாள். 2018 கணக்கெடுப்பிலிருந்து கைபேசிச் செயலிக்குள் வந்துவிட்டது. நேர்கோடாகக் குறித்துவைத்த பாதையில் நடந்து, குறிப்பிட்ட இடைவெளியில் நின்று, சுற்றிலும் பார்த்து நிரப்ப வேண்டும். மரம் வெட்டிய தடம் இருக்கிறதா? கிளை கழித்திருக்கிறார்களா? புல்லோ மூங்கிலோ அறுத்திருக்கிறார்களா? ஆட்கள் நடந்த ஒற்றையடிப் பாதை தெரிகிறதா? ஆள் யாரும் கண்ணில் பட்டார்களா? ஆடுமாடு கண்ணில் பட்டதா?

ஒரு சிறுகதையை வாசிப்பதுபோல் இந்தப் படிவத்தையும் வாசித்துப் பாருங்கள். சுள்ளி பொறுக்குவது, தழை ஒடிப்பது, துடைப்பத்துக்கும் மாட்டுக்கும் புல் அறுப்பது, ஆடு ஓட்டிப்போவது. கேள்விகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கினால் மலையோரத்தில் வாழும் ஒரு பெண்ணின் ஒரு நாள் முழுதாக வந்துவிடுகிறது. அந்தப் பகுதியில் பெண் என்ற சொல் இல்லை. அவளுடைய வேலை மட்டும் இருக்கிறது, இடையூறு என்ற பெயரில்.

வரைபடம் கற்றுக்கொடுத்துச் சம்பாதிப்பவள் நான். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் சாலையில், இருபது கொண்டை ஊசி வளைவுகளும் தொடங்குவதற்கு முன்னால் வரும் அடிவாரத்துப் பக்கம் குடியிருக்கிறேன். கல்லூரி மாணவிகளுக்கும் தன்னார்வலர்களுக்கும், சில சமயம் வனப்பணியாளர்களுக்கும், ஜிபிஎஸ் புள்ளி எடுப்பது, செயலியில் பதிவது, அதை க்யூஜிஐஎஸ் மென்பொருளில் வரைபடமாக்குவது எப்படி என்று சொல்லித்தருகிறேன். சேர்வராயன் மலை புலிகள் காப்பகம் அல்ல. காப்புக்காடும் காபித் தோட்டமும் மாறிமாறி வரும் மலை. தோட்டத்துக்குள் காட்டெருமை நடமாடும் மலை. ஆனால் பயிற்சிப் பாடங்கள் பெரிய காப்பகங்களின் அளவுக்குத் தைத்த சட்டைகள். சின்ன மலைகளுக்கும் அதையே மாட்டிவிடுகிறார்கள். இந்தப் பக்கம் நான் உதவிக்குப் போன ஒரு பயிற்சியில் கொடுத்த மாதிரிப் படிவத்திலும் அதே தலைப்பு, அதே கேள்விகள். கேள்வி எண்கள்கூட மாறவில்லை.

விறகு வெட்டுவதால் காட்டுக்குப் பாதிப்பே இல்லை என்று நான் வாதாடப் போவதில்லை. கிளை கழித்துக் கழித்து மொட்டையான சரிவுகளை இந்த மலையிலேயே பார்க்கலாம். அழுத்தம் எங்கே எவ்வளவு என்று அளக்காமல் காட்டைக் காப்பாற்ற முடியாது. என் கேள்வி வேறு. ஒரு நாளைக்குப் பலமுறை ‘இடையூறு’ என்ற தலைப்பின் கீழ் விரலால் தொட்டுத்தொட்டுப் பழகுகிறவருக்கு, பாதையில் எதிரே விறகுக்கட்டோடு ஒரு பெண் வரும்போது என்ன தெரியும்? படிவம் விவரத்தைச் சேகரிக்கிறது. கூடவே நிரப்புகிறவரின் கண்ணையும் பழக்குகிறது. பயிற்சி என்று நாம் சொல்வதில் பாதி இந்தப் பழக்கம்தான்.

இந்தக் கருவிகள் எப்படி வந்தன என்பதை மாணவிகளுக்குச் சொல்வது நல்லது. அதுவரை புலியின் கால்தடத்தைப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் அச்செடுத்து எண்ணிக்கொண்டிருந்தோம். 2004-05இல் ராஜஸ்தானின் சரிஸ்கா காப்பகத்தில் புலி ஒன்றுகூட மிச்சமில்லை என்று தெரியவந்தது. பதிவேட்டில் இருந்தன, காட்டில் இல்லை. சுனிதா நாராயண் தலைமையில் 2005இல் ஒரு குழு விசாரித்து அறிக்கை கொடுத்தது. கணக்கெடுக்கும் முறையே மாறியது. தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையமும் டேராடூனில் உள்ள இந்திய வன உயிரின நிறுவனமும் 2010இல் எம்-ஸ்ட்ரைப்ஸ் என்ற முறையைக் கொண்டுவந்தன. ரோந்து போகிறவரின் தடம் ஜிபிஎஸ்ஸில் கோடாக விழும். டீக்கடையில் உட்கார்ந்து பதிவேட்டை நிரப்ப முடியாது.

அதாவது இந்தத் தொழில்நுட்பம் முதலில் அவநம்பிக்கைக்குப் பிறந்தது. கடைநிலைப் பணியாளர் பொய் சொல்வார், ஆகவே அவரைக் கண்காணிக்க வேண்டும் என்பது அதன் கருவிலேயே இருக்கிறது. அவரைப் பார்க்கும் கண் அவர் கைக்குள் போய், அடுத்து யாரைப் பார்க்கும் என்பதைக் கேட்க ஆளில்லை.

2018 கணக்கெடுப்பு கின்னஸ் சாதனைப் பட்டியலில் ஏறியது. 26,838 இடங்களில் தானியங்கி கேமராக்கள். சுமார் 3 கோடியே 48 லட்சம் படங்கள். அவற்றில் புலி 76,651 படங்களில். சிறுத்தை 51,777 படங்களில். பெருமையாகச் சொல்லப்படும் இந்தக் கணக்கை நான் வகுப்பில் வேறு மாதிரி கேட்பேன்: மீதிப் படங்களில் என்ன இருக்கிறது? மான், பன்றி, காற்றில் ஆடிய புல், வெறும் வெயில் என்று மாணவிகள் சொல்வார்கள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் யாராவது ஒருத்தி சொல்வாள்: ‘ஆளுங்க.’

ஆட்களில் யார்? கேமராவை எங்கே, எப்படிக் கட்டச் சொல்லித்தருகிறோம் என்பதில் விடை இருக்கிறது. விலங்கு வழக்கமாக நடக்கும் பாதையில் கட்ட வேண்டும். அந்தப் பாதையில்தான் ஊராரும் நடக்கிறார்கள். புலியின் விலாவரி தெளிவாக விழ, முழங்கால் உயரத்தில் கட்ட வேண்டும். குந்தி உட்காரும் பெண்ணின் உயரமும் அதுதான். பயிற்சி ஏடுகளில் இந்த உயரம் சென்டிமீட்டர் கணக்கில் இருக்கும். அந்த உயரத்தில் வேறு யார் சிக்குவார்கள் என்ற வரியை நான் எந்த ஏட்டிலும் வாசித்ததில்லை.

அது வெறும் ஊகம் அல்ல என்று காட்டியது கார்பெட் பற்றிய ஆய்வு. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த திரிஷாந்த் சிம்லாயும் கிறிஸ் சாண்ட்புரூக்கும் 2024 நவம்பரில் வெளியிட்டது. உத்தராகண்டின் கார்பெட் புலிகள் காப்பகத்தைச் சுற்றி 14 மாதங்கள் தங்கி, 270 பேரிடம் பேசி எழுதியது. காட்டுக்குள் ஒதுங்கப் போன ஒரு பெண்ணின் அரை ஆடைப் படம் தானியங்கி கேமராவில் விழுந்திருக்கிறது. விளிம்புநிலைச் சாதியைச் சேர்ந்த, ஆட்டிசம் உள்ள பெண். அந்தப் படம் உள்ளூர் வாட்ஸ்அப், ஃபேஸ்புக் குழுக்களில் சுற்றியது. ஊரார் கேமராக்களை உடைத்தார்கள், கொளுத்தினார்கள். பெண்களை விரட்டுவதற்கென்றே வனப்பணியாளர்கள் அவர்கள் தலைக்கு மேலே ட்ரோன் பறக்கவிட்டதையும் ஆய்வு பதிவுசெய்கிறது. அங்கே விறகும் புல்லும் எடுக்க அந்தப் பெண்களுக்குச் சட்டப்படி உரிமை உண்டு.

செய்தித்தாள்கள் அந்தப் படத்தைத்தான் பெரிதாக எழுதின. எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது பாட்டு பற்றிய பகுதி. காடு அந்தப் பெண்களுக்கு வேலைக்களம் மட்டும் அல்ல. மாமியாரும் கணவனும் இல்லாத இடம். குடித்துவிட்டு அடிக்கும் வீட்டிலிருந்து சில மணி நேர விடுதலை. கூட்டமாகப் போய், பாடி, சிரித்து, வீட்டில் சொல்ல முடியாததை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் இடம். பாட்டுக்கு இன்னொரு பயனும் உண்டு: சத்தம் கேட்டு யானையும் புலியும் விலகிப்போகும். கேமராக்கள் வந்த பிறகு பெண்கள் பாடுவதை நிறுத்தினார்கள், மெதுவாகப் பேசத் தொடங்கினார்கள், கேமரா இல்லாத, பழக்கமில்லாத இடங்களுக்குள் போனார்கள். ஆய்வாளரிடம் இதைப் பற்றிப் பேசிய பெண்களில் ஒருவர் பின்னர் புலி தாக்கி இறந்தார்.

புலியைக் காப்பாற்ற வைத்த கருவி, புலியிடமிருந்து பெண்ணைக் காப்பாற்றிவந்த குரலை அடக்கியது. ட்ரோனிலிருந்தும் கேமராவிலிருந்தும் வரும் படத்தை எங்கள் துறையில் ‘புறவயமான தரவு’ என்பார்கள். எங்கிருந்தும் அல்லாமல் எல்லாவற்றையும் பார்ப்பதாகச் சொல்லிக்கொள்ளும் அந்தப் பார்வையைக் கடவுளின் தந்திரம் என்று டோனா ஹாராவே 1988இல் கிண்டல் செய்தார். கார்பெட்டில் பார்த்தது கடவுள் இல்லை. மாதச் சம்பளத்திலும் தினக்கூலியிலும் இருந்த ஆண்கள். அவர்கள் கையில் வாட்ஸ்அப் இருந்தது.

ஆய்வின் மீது எனக்குக் குறை இல்லாமல் இல்லை. அதில் வரும் பெண் எப்போதும் பார்க்கப்படுகிறவள். விறகு எடுக்கிறாள், பயப்படுகிறாள், மௌனமாகிறாள். எல்லாம் உண்மை. ஆனால் அதே பாதையில் சீருடையோடும் செயலியோடும் வரும் இன்னொரு பெண்ணும் இருக்கிறாள். அவளைப் பற்றி அந்தக் கட்டுரை அவ்வளவாக யோசிக்கவில்லை. நம் பெண்ணிய எழுத்திலும் அவளுக்கு இடம் குறைவு. அரசின் கை என்று ஒதுக்கிவிடுகிறோம்.

2021 நவம்பர் 20. மகாராஷ்டிரத்தின் தடோபா-அந்தாரி புலிகள் காப்பகம். வனக்காப்பாளர் ஸ்வாதி துமானே மூன்று உதவியாளர்களோடு அகில இந்தியப் புலிக் கணக்கெடுப்புக்காகக் காலையில் கால்நடையாகப் புறப்பட்டார். சில கிலோமீட்டர் போனதும் பாதையில் ஒரு பெண்புலி உட்கார்ந்திருந்தது. காத்திருந்தார்கள். பிறகு சுற்றிப் போகப் பார்த்தார்கள். புலி பின்னால் வந்து ஸ்வாதியைத் தாக்கி இழுத்துப்போனது. அதன் பிறகு தடோபாவில் கால்நடைக் கணக்கெடுப்பைத் தற்காலிகமாக நிறுத்தினார்கள். பாதை நேர்கோடாக இருக்க வேண்டும் என்பது கணக்கெடுப்பின் விதி. எந்தக் கட்டத்தில் கோட்டை விட்டுவிட்டுத் திரும்பலாம், திரும்பினால் அந்த நாளின் தரவு என்ன ஆகும், யாரும் குறை சொல்வார்களா என்பதையெல்லாம் பொத்தான் அழுத்தச் சொல்லித்தருவதற்கு முன் சொல்லித்தர வேண்டும். காட்டில் நடக்கும் எல்லாருக்கும் இது பொருந்தும். ஆனால் ‘பொம்பளைன்னு பயந்து திரும்பிட்டா’ என்ற பேச்சு ஒரு பெண்ணுக்கு மட்டுமே காத்திருக்கிறது.

சீருடைப் பெண்ணின் சங்கடங்கள் சின்னச்சின்னதாகவும் உண்டு. செயலி அவள் தடத்தை விடாமல் வரைகிறது. மாதவிலக்கு நாளில் துணி மாற்றப் பாதையை விட்டு விலகினால், வரைபடத்தில் அது ஒரு விலகலாகவும் நிறுத்தமாகவும் தெரியும். மாலையில் மேலதிகாரி அந்தக் கோட்டைப் பார்த்து, ‘இங்கே ஏன் பத்து நிமிஷம்?’ என்று கேட்கலாம். கேட்காமலும் போகலாம். கேட்கக்கூடும் என்பதே போதும், அவள் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருக்க. காட்டில் சிக்னல் கிடைக்காது. பதிவுகளை வீட்டுக்கு வந்துதான் ஏற்ற வேண்டும். என் வகுப்புக்கு வந்த ஒருவர் சொன்னார்: ‘குழம்பு கொதிக்கிறப்ப அப்லோடு போட்டுடுவேன் மேடம், ரெண்டும் ஒரே நேரத்துல முடியும்.’ எல்லாரும் சிரித்தோம். எந்தத் திறன் அட்டவணையிலும் ஏறாத திறன் அது.

ஆக ஒரே ஒற்றையடிப் பாதையில் இரண்டு பெண்கள். ஒருத்தியின் தலையில் சும்மாடும் கட்டும். இன்னொருத்தியின் கையில் செயலி. முதலாமவள் இரண்டாமவளுக்கு இடையூறு என்று பதிவாகிறாள். இரண்டாமவள் தன் மேலதிகாரியின் திரையில் ஒரு கோடாகப் பதிவாகிறாள். இருவருமே ஒதுங்க ஒரு புதர் தேடுகிறார்கள். இவர்கள் இருவரையும் ஒருவருக்கொருவர் எதிரியாக நிறுத்துவது இயற்கை நியதி ஒன்றும் இல்லை. யாரோ எழுதிய படிவம் அப்படி நிறுத்துகிறது.

இதை ஏற்காட்டுப் பக்கம் பேசும்போது கூடுதல் கவனம் வேண்டும். சேர்வராயனுக்கு வடகிழக்கே சித்தேரி மலை. அதன் அடிவாரத்தில் அரூர் வட்டத்து வாச்சாத்தி. அங்கே வாழ்கிறவர்களும் சேர்வராயன் மேல் வாழ்கிறவர்களும் மலையாளி என்ற ஒரே பழங்குடி. (கேரளத்து மலையாளிகளோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.) 1992 ஜூன் 20ஆம் தேதி, சந்தனக்கட்டை தேடுவதாகச் சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் வாச்சாத்திக்குள் புகுந்தார்கள். 18 பெண்கள் பாலியல் வல்லுறவுக்கு ஆளாக்கப்பட்டார்கள். ஊரே சூறையாடப்பட்டது. வழக்கு நடந்து முடியும் முன்பே 269 குற்றவாளிகளில் 54 பேர் இறந்துபோனார்கள். மிச்சமிருந்த 215 பேருக்கும் 2011 செப்டம்பர் 29இல் தருமபுரி நீதிமன்றம் தண்டனை கொடுத்தது; அவர்களில் 126 பேர் வனத்துறையினர். சரியாகப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2023 செப்டம்பர் 29இல், சென்னை உயர்நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை உறுதிசெய்தது.

காக்கிச் சட்டை என்றால் இந்த மலைகளின் பெண்களுக்கு என்ன நினைவு வரும் என்பதை எந்தப் பயிற்சியும் கணக்கில் எடுப்பதில்லை. அந்தச் சட்டை போட்ட ஒருவர் மரத்தில் ஒரு பெட்டியைக் கட்டிவிட்டு, ‘இது காட்டெருமைக்கு’ என்று சொல்லிவிட்டுப் போனால் யார் நம்புவார்கள்? ‘மக்களிடம் விழிப்புணர்வு ஏற்படுத்த வேண்டும்’ என்று பயிற்சிச் சறுக்குப்படங்களில் ஒரு வரி வரும். வாச்சாத்திப் பெண்கள் 19 ஆண்டுகள் சாட்சி சொல்லி, வனத்துறைக்குத்தான் விழிப்புணர்வு ஏற்படுத்தினார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? தனியுரிமை அடிப்படை உரிமை என்று 2017இல் புட்டசாமி வழக்கில் உச்சநீதிமன்றம் சொன்னது. பெண்ணின் அந்தரங்கச் செயலைப் பார்ப்பதும் படமெடுப்பதும் பரப்புவதும் குற்றம் என்பது 2013இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் சேர்ந்தது; இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆம் பிரிவு. ஆனால் அந்தச் செயல் நடக்கும் இடம், அந்தரங்கம் கிடைக்கும் என்று நியாயமாக எதிர்பார்க்கக்கூடிய இடமாக இருக்க வேண்டும் என்கிறது அதன் விளக்கம். கழிப்பறை உள்ளவருக்கு அந்த இடம் கதவுக்குப் பின்னால். இல்லாதவருக்குப் புதருக்குப் பின்னால். காட்டை அப்படிப்பட்ட இடமாக ஒரு நீதிபதி ஏற்பாரா என்பதைச் சட்டம் படிக்கும் மாணவிகள் எடுத்து வாதாடிப் பார்க்க வேண்டும்.

தொழில்நுட்பத்தில் வழி இல்லை என்பது பொய். தானியங்கி கேமராப் படங்களில் விலங்கு எது, ஆள் எது, வண்டி எது என்று பிரித்துக்கொடுக்கும் மெகாடிடெக்டர் என்ற நிரல் இலவசமாகவே கிடைக்கிறது. ஆள் விழுந்த படங்களைக் கண்ணால் பார்க்காமலே ஒதுக்கலாம், முகத்தை மங்கலாக்கலாம், அழிக்கலாம். கேமரா எங்கே இருக்கிறது என்று ஊர்க்கூட்டத்தில் சொல்லி, நீரோடைக்கும் ஒதுக்குப்புறத்துக்கும் தள்ளிக் கட்டலாம். நினைவு அட்டையை யார் எடுக்கிறார், யார் கணினியில் செருகுகிறார், எத்தனை கைபேசிகளுக்குப் படம் போகிறது என்று ஒரு சின்னப் பதிவேடு வைக்கலாம். இவையெல்லாம் சேர்ந்து பயிற்சியில் அரை நாள் பிடிக்கும். அந்த அரை நாள்தான் எப்போதும் கிடைப்பதில்லை. உணவு இடைவேளைக்குப் பிறகு பேட்டரி சேமிப்பு பற்றிய வகுப்பு இருக்கிறதே.

பார்க்கப்படுவது பற்றி இவ்வளவு பேசினேன். அறிந்தவளாக அவளைக் கருதுவது பற்றிப் பேச்சே எழவில்லை, அதுதான் பெரிய இழப்பு. ஜிபிஎஸ் அடர்ந்த மரத்தடியில் தடுமாறும்; சரிவான பள்ளத்தில் சமிக்ஞை பாறையில் மோதி எதிரொலித்து, புள்ளி பல மீட்டர் தள்ளி விழும். வரைபடத்தில் அளக்கும் தூரம் தட்டையான தூரம். மலையில் ஏறி இறங்கும் தூரம் வேறு. தலையில் கட்டோடு நடக்கும் தூரம் அதைவிட வேறு. எந்த ஊற்று எந்த மாதம் வற்றும், காட்டெருமை கன்று போட்டிருக்கும்போது எந்த வழியைத் தவிர்க்க வேண்டும் என்பது தினம் நடக்கிறவளுக்குத் தெரியும். அவளைக் கேட்டு எழுதினால் அது தரவு. கேட்காமல் அவள் நடந்த தடத்தை மட்டும் எழுதினால் இடையூறு.

கேட்டு எழுதிய முன்மாதிரிகள் உலகத்தில் உண்டு. 1990களில் தென்னாப்பிரிக்காவில் லூயிஸ் லிபென்பெர்க் உருவாக்கிய சைபர்டிராக்கர், எழுதப் படிக்கத் தெரியாத தடம் பார்ப்பவர்களுக்காகப் படக்குறிகளால் ஆனது. கரூ தேசியப் பூங்காவில் அதைப் பயன்படுத்திய கரேல் பெனாடி, ஜேம்ஸ் மின்யே என்ற இரு தடம் பார்ப்பவர்களின் பெயர்கள் 1999இல் காண்டாமிருகம் பற்றிய ஆய்வுக் கட்டுரையில் ஆசிரியர்களாகவே அச்சாயின. இருவரும் ஆண்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நம் பக்கத்தில் வால்பாறை இருக்கிறது. யானை எங்கே நிற்கிறது என்று மாலையில் குறுஞ்செய்தி அனுப்பி, ஊருக்குள் சிவப்பு விளக்கு எரியவைக்கும் ஏற்பாட்டை இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையினர் அங்கே செய்தார்கள், அதற்காக எம். ஆனந்தகுமாருக்கு 2015இல் விட்லி விருது கிடைத்தது. விளக்கை எரியவைக்கவும் அணைக்கவும் உள்ளூர் ஆட்களே கைபேசியில் அழைக்கலாம். தேயிலைத் தோட்டத்தில் வேலை முடித்து இருட்டில் லயத்துக்குத் திரும்பும் பெண் அந்த வெளிச்சத்தைப் பார்த்து வழி மாற்றிக்கொள்கிறாள். அங்கே கருவி பார்ப்பது யானையை, சொல்வது அவளிடம். கார்பெட்டில் இது தலைகீழ்.

எத்தனை பெண்கள் அறையில் இருக்க வேண்டும்? குஜராத்திலும் நேபாளத்திலும் சமூக வனக்குழுக்களை ஆராய்ந்த பினா அகர்வால், குழுவில் நாலில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை பெண்கள் இருந்தால்தான் அவர்கள் வாய் திறந்து பேசி முடிவை மாற்ற முடிகிறது என்று 2010இல் வந்த தன் நூலில் காட்டினார். பெண்கள் கூடிய குழுக்களில் காடும் தழைத்தது. பேனரில் முன்வரிசையில் நிற்கும் இரண்டு பேர் இந்தக் கணக்கில் சேரமாட்டார்கள்.

2006 வன உரிமைச் சட்டமும் அதே திசையில்தான் இருக்கிறது. தனிப்பட்ட பட்டா கணவன் மனைவி இருவர் பேரிலும் இருக்க வேண்டும். கிராம சபைக்கு வந்திருப்பவர்களில் மூன்றில் ஒரு பங்காவது பெண்களாக இருக்க வேண்டும். 2012இல் திருத்திய விதிகளில், துணைக்கோள் படம் போன்ற தொழில்நுட்பம் மற்றச் சான்றுகளுக்குத் துணையாகலாமே தவிர அவற்றுக்கு மாற்றாகாது என்று எழுதியே இருக்கிறது. ஊர்ப் பெரியவள் ‘எங்க அம்மா காலத்துல இருந்து இந்த ஊத்துல தண்ணி எடுக்கறோம்’ என்று சொல்வதற்கும் செவ்வகத் திரையில் தெரியும் பச்சைக்கும் சட்டத்தின் கண்ணில் உள்ள உறவு இது. தமிழ்நாட்டில் நீதிமன்றத் தடையால் இந்தச் சட்டத்தின் கீழ் பட்டா கொடுப்பது 2016 வரை நின்றுபோயிருந்தது. இப்போது வரைபடம் போடக் கற்றுக்கொள்ள வேண்டியவர்கள் வனத்துறையினர் மட்டும் இல்லை.

படிவத்துக்கே வருகிறேன். தலைப்பை மாற்றச் சொன்னால் பொறுப்பில் இருப்பவர்கள் சொல்லும் பதில் ஒன்று உண்டு: மாற்றினால் முந்தைய ஆண்டுகளின் தரவோடு ஒப்பிட முடியாது. கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் ஓடிகே, கோபோ போன்ற செயலிகளுக்குப் படிவம் தயாரிக்கும் எக்ஸெல் தாளில், தரவு சேமிப்பில் கேள்விக்கு உள்ள பெயர் ஒரு பத்தியிலும் திரையில் தெரியும் சொல் இன்னொரு பத்தியிலும் இருக்கின்றன. முதலாவதைத் தொடாமல் இரண்டாவதை மட்டும் மாற்றலாம். பழைய தரவுக்கு ஒன்றும் ஆகாது. இதை நான் முதல் நாள் வகுப்பிலேயே செய்துகாட்டுகிறேன்.

கடைசியாக நடந்த வகுப்பில் திரையில் தெரியும் சொல்லை ‘காட்டில் நடந்த வேலை’ என்று வைத்தோம். கீழே யார் செய்தார்கள், எதற்கு, எந்தப் பருவத்தில் என்று மூன்று துணைக்கேள்விகள் சேர்த்தோம். கேமரா சரிபார்க்கும் படிவத்தில் ‘ஆள் படம் விழுந்ததா? அழித்தாயிற்றா? அழித்தது யார்?’ என்று ஒன்று. அதைக் கட்டாயக் கேள்வியாக்குங்கள், நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்குப் போகவே கூடாது என்று சொன்னவர், வகுப்புக்கு வந்திருந்த இரண்டு பெண் வனக்காப்பாளர்களில் ஒருவர்.